யாரும் தொடக்கூடாத வாளி

அந்த வீட்டில் பீரோவைத் திறக்கலாம், கைப்பையைக் குடையலாம், வீட்டுக்காரி பாட்டிலக்கா கண்ணயர்ந்திருக்கும்போது டிவி சத்தத்தைக்கூடக் கூட்டி வைக்கலாம். பின்பக்கச் சுவரில் ஆணியில் கவிழ்ந்து தொங்கும் எவர்சில்வர் வாளியை மட்டும் தொடக்கூடாது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் புருஷன் அதில் ஒரு லுங்கியை ஊற வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தெருவுக்கே தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனாலே மனுஷன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போவார்.

அது ஆற்றுத் தண்ணீர் அள்ளுகிற வாளி. வாரத்தில் ஒரு நாள் விடிந்ததும் பாட்டிலக்கா அதையும் ஐஸ் பெட்டியையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்புவாள். ஆற்றில் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்து, பாட்டில்களில் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் குடிநீர் ஆபீஸின் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். உப்பு, காரம் பார்க்கிற பாட்டிலை அதே ஆற்றுத் தண்ணீரில் மூன்று தரம் அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கிருமி பார்க்கிற பாட்டில் வேறு ஜாதி. ஆவியில் அவித்து, காகிதம் சுற்றி வரும். அதை அலசக்கூடாது, வாயைத் தொடக்கூடாது, மூடியைக் கீழே வைக்கக்கூடாது, முழுக்க நிரப்பக்கூடாது, ஏன், அதன் பக்கத்தில் நின்று இருமக்கூடக் கூடாது. பாலத்திலிருந்து அந்தப் பாட்டிலையே நேராகத் தண்ணீரில் இறக்க ஒரு இரும்புக் கூண்டு இருந்தது. அது துருப்பிடித்து உடைந்து போனது. புதுசுக்கு ஆபீஸில் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய், அவள் வாளியே கதியென்று இருந்தாள். ஆற்றிலிருந்து வந்ததும் முதல் வேலை, அடுப்பில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து வாளிக்கு உள்ளும் புறமும் ஊற்றிக் கவிழ்த்து மாட்டுவதுதான். அதற்கப்புறம்தான் தன் முகத்தைக் கழுவுவாள்.

அவள் புருஷனை ஊரில் மோட்டார் என்று கூப்பிடுவார்கள். ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸில் வேலை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி குறட்டை. ஊருக்குக் குடிநீர் ஏற்றும் பம்புகளைப் பார்த்துக்கொள்வதும், குளோரின் கலப்பதும், வடிகட்டித் தொட்டியைக் கழுவுவதும் அவர் பொறுப்பு. ஆக, அந்த வீட்டில் பெண்டாட்டி ஆற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கினாள், புருஷன் அதே தண்ணீரை ஊருக்கு அனுப்பிச் சம்பளம் வாங்கினார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பாட்டிலக்காவுக்கு ஒரு குணம் உண்டு. தப்பு என்று ஒன்று நடந்தால் அது அவளுடையதாக இருக்காது. சோற்றில் உப்புக் கூடினால் உப்பு மாறிவிட்டது. வழி தவறினால் சாலையை மாற்றிவிட்டார்கள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் "நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பது மோட்டாரின் ரகசிய ஆசை. மகளிடம் மட்டும் சொல்லியிருந்தார். "அப்பா, நீங்க லாட்டரி வாங்குங்க. அதுவாவது விழும்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

வினை, மிளகாய்ச் செடியில் ஆரம்பித்தது.

பின்பக்கம் மோட்டார் தொட்டிகளில் மிளகாயும் தக்காளியும் வளர்த்துக்கொண்டிருந்தார். மிளகாய் இலை சுருண்டு மஞ்சளாகிவிட்டது. கோழிப்பண்ணைக்காரர், "எரு தர்றேன், வந்து அள்ளிட்டுப் போங்க" என்றார். அன்றைக்கென்று பிளாஸ்டிக் வாளியின் பிடி கழன்றுகொண்டது. பாட்டிலக்கா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மோட்டார் ஆணியைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மறுபடி ஆணியைப் பார்த்தார். பத்து நிமிஷ வேலை, யாருக்குத் தெரியப் போகிறது?

எருவைக் கொண்டுவந்து செடிக்குப் போட்டுவிட்டு வாளியைக் குழாயடியில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். சோப்பு மட்டும் போடவில்லை. அவளுக்கு மூக்கு அப்படி. சோப்பு வாசனை ஒரு துளி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பளபளவென்று கழுவி, துடைத்து, வெயில் காட்டி, கவிழ்த்து மாட்டினார். வாளியின் அடியில் தகடு மடிந்து ஓடுகிற விளிம்பை அவர் பார்க்கவில்லை. செடியைத்தான் பார்த்தார். அதுவும் நாலே நாளில் நிமிர்ந்துகொண்டது. மனுஷனுக்கு ஒரே பெருமை.

அடுத்த முறை தண்ணீர் எடுத்துவிட்டு வந்தபோது பாட்டிலக்கா வழக்கம்போல வாளிக்குக் கொதிநீர் ஊற்றினாள், வழக்கம்போல மாட்டினாள். அதற்கு மறுநாள்தான் இடி விழுந்தது.

பம்ப் ஹவுஸுக்கு இன்ஜினியரே ஜீப்பில் வந்து இறங்கினார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அதிலேயே விஷயம் பெரிசு என்று மோட்டாருக்குப் புரிந்துவிட்டது.

"பம்பை நிறுத்துங்க."

"சார், மேட்டுத் தெருவுக்கு இப்பத்தான் சார் ஏறிட்டிருக்கு."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க. தண்ணி எடுக்கிற இடத்துல மலக்கிருமி தாறுமாறா வந்திருக்கு. இவ்வளவு வந்தா நம்ம வடிகட்டியும் குளோரினும் தாங்காது. யாராவது வயித்தைப் புடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா பதில் சொல்றது யாரு?"

மோட்டார் கையை நீட்டி சுவிட்சை அணைத்தார். பம்ப் சத்தம் அடங்கியதும் அந்த இடமே வேறு மாதிரி இருந்தது. ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் பகல் நேரத்தில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை.

இன்ஜினியர் சுற்றி வந்தார். பம்ப் ஹவுஸுக்குப் பின்னாலிருந்த கழிவறைத் தொட்டியின் மேல் போய் நின்று காலால் தட்டினார்.

"இது ஆத்துக்கு இவ்வளவு கிட்டக்க இருக்கே. கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"மழைக்கு முன்னாடி சுத்தம் பண்ணோம் சார். கசிவெல்லாம் இல்ல சார்."

"கசிவு இல்லாம எப்படிங்க வரும்? பாலத்துல கம்மி, இங்க வந்ததும் குபீர்னு ஏறியிருக்கு. நடுவுல இருக்கிறது இந்தத் தொட்டி ஒண்ணுதான்." கொஞ்சம் தணிந்து சொன்னார். "நாளைக்கு மறுபடி சாம்பிள் எடுக்கச் சொல்லியிருக்கேன். அதோட முடிவு வர்ற வரைக்கும் நீங்க வீட்டுல இருங்க. அதுவும் மோசமா வந்தா என் கையில எதுவும் இல்ல. சஸ்பெண்ட்தான். விசாரணையில தொட்டின்னு ஆயிட்டா வேலையே போயிடும். தப்பா எடுத்துக்காதீங்க."

மோட்டார் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சைக்கிளை அங்கேயே மறந்துவிட்டார்.

சாயங்காலம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் முட்டையும். ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. வெளியே தண்ணீர் லாரிக்காகத் தெருவே குடங்களை வரிசை வைத்துவிட்டு அந்த வரிசையைக் காத்துக்கொண்டு நின்றது.

"கசியுதாங்க அந்தத் தொட்டி?" என்று கேட்டாள் பாட்டிலக்கா.

"நீயுமா? நான்தான் இறங்கிப் பார்த்தேன். ஒரு விரிசல் கிடையாது."

"அப்ப என் சாம்பிள் தப்புன்றீங்களா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"தொட்டி கசியலைன்னா அதானே அர்த்தம்? உங்க பக்கம் சரின்னா என் பக்கம் தப்பு. என் பக்கம் சரின்னா உங்க பக்கம் தப்பு."

மகள் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "நல்லா இருக்கு. எப்படிப் பார்த்தாலும் தப்பு நம்ம வீட்டுக்குள்ளதான்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. உண்மை அப்படித்தான் இருந்தது. பாட்டிலக்கா தண்ணீர் எடுக்க ஆரம்பித்த காலந்தொட்டே தினக்கூலி. இந்த மாதம்தான் அவளை நிரந்தரம் பண்ணுகிற பேச்சு மேலே வரை போயிருந்தது. "இந்த அம்மா கொண்டுவந்த சாம்பிள் ஒன்றுகூட இதுவரை கெட்டதில்லை" என்று ஆய்வுக்கூட மேடம் சொன்ன ஒரு சொல்தான் அதற்கு ஆதாரம். இப்போது சாம்பிள் கெட்டுப்போனது என்றால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பாட்டிலக்கா இடது கையால் ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். "பாட்டில் அவிச்ச பாட்டில். காகிதம் பிரிக்காம இருந்துச்சு. மூடியைக் கையிலயேதான் வெச்சிருந்தேன். ஐஸ் நிறைய இருந்துச்சு. கையைக் கழுவினேன். வாளி..." கொஞ்சம் நிறுத்தினாள். "வாளியை எப்பவும் போல ஆத்துல மூணு தரம் அலசினேன். அதை யாரு தொடப் போறா?"

மோட்டாருக்குச் சோறு தொண்டையில் நின்றது. மகள் முதுகில் தட்டினாள். தண்ணீர் கொடுத்தாள். கண்ணில் நீர் வர இருமினார். காரம் என்று சொன்னார். முட்டையில் மிளகாயே போடவில்லை.

வாளி, எரு, கோழி. கிருமிக்கு அதைவிட நல்ல வீடு வேண்டுமா? இப்போதே சொல்லிவிட்டால் அவர் வேலை பிழைத்தது. தொட்டி கசியவில்லை, ஆறும் கெடவில்லை, வாளிதான் கெட்டது என்று ஆகிவிடும். ஆனால் அவள்? ஒரு சாம்பிள்கூடக் கெட்டதில்லை என்ற பேர் போய்விடும். அதுவும் யாரால்? வாளியைத் தொடாதே என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்த அதே புருஷனால். சஸ்பெண்டை நினைத்தபோது வந்த பயத்தைவிட அவளிடம் இதைச் சொல்வதை நினைத்தபோது வந்த பயம் பெரிதாக இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவளோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

"என்னங்க, ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. படுக்கிறேன்."

அன்றைக்கு வீட்டில் குறட்டைச் சத்தம் கேட்கவில்லை. அதனால் மற்ற இரண்டு பேரும்கூடத் தூங்கவில்லை.

விடிந்ததும் பாட்டிலக்கா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். வாளியை எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வுக்கூட மேடம் தானே கூட வருவதாகவும், பக்கத்து ஊரிலிருந்து கூண்டு இரவல் வாங்கி வைத்திருப்பதாகவும் சொல்லியிருந்தார். "கிளம்பறேன்" என்றவள் வாசலில் நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் கேட்டது, "டீ போட்டு மூடி வெச்சிருக்கேன், குடிச்சீங்களா?" என்பதுதான்.

கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது. தெருவில் ஒரே கூச்சல். மோட்டார் குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றார். ஊருக்கே தண்ணீர் ஏற்றுகிறவர் குடத்தோடு நிற்பதைப் பார்த்துத் தையல்கடைக்காரர் இடம் விட்டார்.

"முன்னாடி வாங்கண்ணே. நீங்க போய் கடைசியில நிக்கறதா?"

"பரவாயில்லப்பா."

"உங்க தொட்டி கசியுதுன்னு பேசிக்கிறாங்க. நான் சொல்லிட்டேன், மோட்டார் அண்ணன் அப்படி விடற ஆளில்லன்னு. பொங்கிட்டேன் பொங்கி."

அந்த நம்பிக்கை அவருக்கு ஊசியாகக் குத்தியது. அவருக்கு முன்னால் மூன்றாவது மாடி டீச்சர் நின்றாள். மூட்டு வலிக்காரி. நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்து, இரண்டு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி மேலே போனாள். மோட்டார் ஓடிப்போய்க் குடத்தை வாங்கிக்கொண்டார்.

"ஐயோ, எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?" என்றாள் டீச்சர்.

"குடுங்கம்மா, குடுங்க."

"பாவம், உங்களையும் வீட்டுல உட்கார வெச்சிட்டாங்களாமே. யாரோ பண்ண தப்புக்கு."

மூன்று மாடி ஏறி இறங்கினார். பிறகு அவளுடைய இன்னொரு குடம். பிறகு எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்காரிக்கு இரண்டு. சட்டை தொப்பலாக நனைந்தது. ஒவ்வொரு படிக்கும் அந்த மிளகாய்ச் செடி கண் முன்னால் வந்து நின்று தலையாட்டியது. நிமிர்ந்து, பச்சைப் பசேலென்று. இத்தனை ஜனமும் தண்ணீர் சுமக்கிறது, நாலு பச்சை மிளகாய்க்காக. பெண்டாட்டி பேருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் மூன்றாவது மாடி ஏறும்போது அவரை விட்டுப் போய்விட்டது. அவள் பேரும் முக்கியம்தான். ஆனால் இது ஊரின் தொண்டை.

மத்தியானம் வெயிலில் ஆய்வுக்கூடத்துக்கு நடந்தார்.

ஆய்வுக்கூடம் ஆபீஸுக்குப் பின்னால் ஒற்றை அறை. வெள்ளை ஓடு பதித்த மேஜை, ஸ்பிரிட் வாசனை, மூலையில் இரும்புப் பெட்டி மாதிரி ஒன்று. அதன் வயிற்றில் கிருமிகள் சூடாக வளர்ந்துகொண்டிருக்கும் என்று பாட்டிலக்கா சொல்லியிருக்கிறாள். மேடம் இளவயசு. மேஜை ஓரத்தில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க, உட்காருங்க. ரிசல்ட் நாளைக்குத்தான். அவசரப்படுத்த முடியாது. கிருமி அதோட வேகத்துலதான் வளரும்."

"ரிசல்ட் கேக்க வரலை மேடம்." மோட்டார் உட்காரவில்லை. "ஒரு தப்பு நடந்து போச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மேடம் பன்னைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. "நீங்களுமா?" என்றார்.

மோட்டாருக்கு அது காதில் ஏறவில்லை. நடந்தே வந்ததில் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினார். செடி, கோழிப்பண்ணைக்காரர், பிடி கழன்ற பிளாஸ்டிக் வாளி, ஆணி, எரு, சோப்புப் போடாமல் கழுவியது. "அவளுக்கு இது தெரியவே தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா அந்த வாளியை ஆத்துப் பக்கமே கொண்டு போயிருக்க மாட்டா. தப்பு முழுக்க என்னோடது. என்னை என்ன வேணா பண்ணிக்குங்க. அவ பேரை மட்டும் இதுல இழுக்காதீங்க."

மேடம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மோட்டார் பதறிப்போனார். மேடம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. காலையில சாம்பிள் எடுத்து முடிச்சதும் உங்க வீட்டம்மா என்கிட்ட தனியா வந்தாங்க. போன தடவை பாட்டில் மூடி கை தவறி மண்ணுல விழுந்துடுச்சாம். துடைச்சு மூடிட்டாங்களாம். பயத்துல சொல்லலையாம். 'நான்தான் தப்பு பண்ணிட்டேன் மேடம், அவர் தொட்டியில ஒண்ணுமில்ல'ன்னாங்க."

மோட்டார் பக்கத்திலிருந்த முக்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அவளா சொன்னா?"

"அவங்கதான்."

"தப்பு பண்ணிட்டேன்னு, அவ வாயால?"

"ஆமாங்க. கண்ணைப் பார்த்துச் சொல்லலை. ஆத்தைப் பார்த்துட்டுச் சொன்னாங்க. நான் நம்பலை. அவங்க கையிலேர்ந்து மூடி விழுமா? கூட நின்னு பார்த்திருக்கேன், மூடியை ரெண்டு விரலுக்கு நடுவுல புடிச்சா கிளிக்குஞ்சைப் புடிச்ச மாதிரி புடிப்பாங்க. அப்புறம் மூடி விழுந்தா ஒரு பாட்டில்தானே கெடும்? மூணு இடத்துலயும்ல ஏறியிருக்கு." மேடம் திடீரென்று நிமிர்ந்தார். "ஒரு நிமிஷம். அவங்க முதல்ல தண்ணி எடுக்கிறது எங்க?"

"எங்க பம்ப் ஹவுஸ்லதான் மேடம். வீட்டுக்குப் பக்கம். அப்புறம் மேல் பாலம். கடைசியா ஊர் தாண்டி, சாக்கடை விழற இடத்துல."

"அதான்! எனக்கு அதுதான் புரியாம இருந்துச்சு. ஊர்ச் சாக்கடை விழற இடத்துல கம்மியா இருக்கு, ஊருக்கு மேல இருக்கிற பாலத்துல அதைவிட அதிகமா இருக்கு, உங்க இடத்துல எக்கச்சக்கமா இருக்கு. ஆறு போற வழிக்கு இது பொருந்தவே இல்ல. உங்க வாளி போன வழிக்குப் பொருந்துது. முதல் இடத்துல நிறைய எரு கழுவிக் கலந்திருக்கு, அடுத்த இடத்துல கொஞ்சம், கடைசியில இன்னும் கொஞ்சம்." மேடம் பன்னை எடுத்து ஒரு கடி கடித்தார், பசி திரும்பி வந்தவர் மாதிரி. "இன்னைக்கு எடுத்தது கூண்டுல நேரா எடுத்தது. வாளியே படலை. நாளைக்கு நல்லதா வந்தா உங்க கதை நிஜம். ஆனா ஒண்ணு, கூண்டு கேட்டு அவங்க எத்தனை தடவை நடந்தாங்கன்னு எனக்குத் தெரியும். வாங்கித் தராதது ஆபீஸ். வாளியில எடுத்தா இப்படித்தான் ஒரு நாள் ஆகும். இன்ஜினியர்கிட்ட அதை நான் பேசிக்கறேன்."

"அவ நிரந்தரம்..."

"தள்ளிப் போகலாம். நின்னு போகாது, நான் விட மாட்டேன். நீங்க ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. எருக் கதையை அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. அந்த இடத்துல நான் இருக்க விரும்பலை."

மோட்டார் வெளியே வந்தார். வெயில் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவருக்கு உறைக்கவில்லை. நடுத்தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அவள் சொல்லியேவிட்டாள். அதுவும் செய்யாத தப்புக்கு, அவருக்காக, அவர் இல்லாத இடத்தில். இனி அந்த ஆசை வேண்டாம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து அன்றே சொல்லிவிடத்தான் நினைத்தார். பாட்டிலக்கா தலைவலி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்குத் தலைவலி வந்து அவர் பார்த்ததில்லை. பொய் சொல்லிவிட்டு வந்த வலி என்று அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தார். "என்ன புதுசா?" என்றாள். கையைத் தள்ளவில்லை. நாளைக்கு ரிசல்ட் வரட்டும், வந்த கையோடு சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் கோழைத்தனமாக ஒரு நாள் தள்ளிப் போட்டார்.

மறுநாள் வெயில் சாயும் நேரத்துக்கு ஜீப் தெருவுக்கே வந்தது. இன்ஜினியர் இறங்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். இந்த முறை பொத்தான் சரியாக இருந்தது.

"சுத்தமா வந்திருக்கு! தொட்டியையும் தோண்டிப் பார்த்தாச்சு, ஒரு பொட்டுக் கசிவில்ல. போய் பம்பைப் போடுங்க. வாளிக் கதையெல்லாம் மேடம் சொன்னாங்க, அதைப் பத்தி உங்ககிட்ட அப்புறம் பேசறேன். இப்ப ஊருக்குத் தண்ணி விடுங்க."

"என்ன வாளிக் கதை?" என்றாள் வாசலில் நின்ற பாட்டிலக்கா.

ஜீப் போய்விட்டது. மோட்டாரும் சைக்கிள் பம்ப் ஹவுஸில் இருப்பதை நினைத்து ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிட்டார். அந்த நேரத்தில் ஆற்றங்கரைக்கு அவ்வளவு வேகமாக யாரும் போனதில்லை.

சுவிட்சைப் போட்டார். பம்ப் ஒருமுறை திணறி, உறுமி, பிடித்துக்கொண்டது. தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு காலில் ஏறியதும் இரண்டு நாளாக நெஞ்சில் கட்டியிருந்தது கரைந்தது. பம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

வீடு திரும்பும்போது தெருவெல்லாம் குழாய்கள் காற்றைக் கக்கி, இருமி, பிறகு தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தன. யாரோ குழந்தையைக் குழாயடியில் நிறுத்திக் குளிப்பாட்டினார்கள். டீச்சர் மூன்றாவது மாடியிலிருந்து கையை ஆட்டினாள். தையல்கடைக்காரர், "நான்தான் சொன்னேன்ல?" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டிலக்கா சமையலறையில் குழாயைத் திறந்து வைத்து, விரலை நீட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றாள். மகள் அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தாள், சினிமா பார்க்கிற மாதிரி.

"என்ன வாளிக் கதை?"

மோட்டார் சொன்னார். மேடத்திடம் ஒரே மூச்சில் கொட்டியது இங்கே துண்டு துண்டாகத்தான் வந்தது. எரு என்ற இடத்தில் அவள் கண் பெரிதாயிற்று. சோப்புப் போடவில்லை என்ற இடத்தில் குழாயை மூடினாள்.

"என் வாளியில. கோழிப் பீ."

"எருதான்மா."

"இத்தனை வருஷம் நான் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி, குழந்தை மாதிரி வெச்சிருந்த வாளியில. ஊரையே ரெண்டு நாள் குடம் தூக்க வெச்சிட்டு, மிளகாயா? மிளகாய் வேணும்னா கடையில வாங்கித் தொலைக்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு, அன்னைக்கே சொல்றதுக்கு?"

"உன் பேரு கெட்டுடுமேன்னுதான்..."

"என் பேரு!" என்றாள். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மோட்டார் பயந்துபோய் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆறு கெட்டுப் போச்சுன்னு நினைச்சேங்க. நிஜமாவே கெட்டுப் போச்சுன்னு. உங்க வேலை போயிடுச்சுன்னு நினைச்சேன். ரெண்டு நாளா எனக்கு உசிரே இல்ல."

"ஆறு நல்லா இருக்குமா. எல்லாம் நல்லா இருக்கு."

முந்தானையை இறக்கினாள். கண் சிவந்திருந்தது. ஆனால் உதட்டோரம் என்னவோ பண்ணியது. மேடையிலிருந்து மகள் முதலில் சிரித்தாள். பிறகு பாட்டிலக்கா. சிரிக்கும்போதே அவர் தோளில் இரண்டு அடி வைத்தாள், வலிக்கிற மாதிரியே.

"மேடம் இன்னொண்ணும் சொன்னாங்க" என்றார் மோட்டார், தோளைத் தடவிக்கொண்டு. "மூடி விழுந்த கதை."

பாட்டிலக்காவின் சிரிப்பு சட்டென்று நின்றது. மகள், "என்ன மூடி?" என்று குனிந்தாள். மோட்டார் பாட்டிலக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவளும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைத்திருந்தாள்.

பிறகு கையை உருவிக்கொண்டு எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். தலையைச் சரி பண்ணினாள். அலமாரியிலிருந்து போனை எடுத்து நம்பரைப் போட்டு, காதில் வைத்து, யாரோ நேரில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"மேடம், நான்தான். வேலை நேரம் முடிஞ்ச பிறகு கூப்பிடறேன், மன்னிச்சுக்குங்க. ஒண்ணே ஒண்ணுதான் மேடம். அந்த மூடி கீழ விழவே இல்ல. என் கையிலேர்ந்து இதுவரைக்கும் ஒரு மூடி விழுந்ததில்ல. அதை மட்டும் மாத்திக்குங்க."